படிப்பு முடிந்தபின் எந்த ஊர்?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நிறைவு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, கொல்லிமலையும் வல்வில் ஓரியும் என்ற தலைப்பில் பேசுவதாகவே ஒப்புக்கொண்டேன். அழைப்பிதழிலும் அத்தலைப்பே அச்சாகியிருக்கிறது. அதற்கான குறிப்புகளும் என் பையில் உள்ளன. ஆயினும் கடந்த ஒரு மாதமாக என் வீட்டில் வேறொரு பேச்சே காலையும் மாலையும் நடந்துவருகிறது. அந்தப் பேச்சு என் உறக்கத்தையும் பகிர்ந்துகொண்டுவிட்டது. உறக்கம் கெட்ட மனிதன் ஓரியைப் பற்றிப் பேசினால் ஓரிக்கு நியாயம் செய்ய இயலாது. ஆகவே தலைப்பை மாற்றிக்கொள்ளத் தலைவரிடம் அனுமதி பெற்றேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் மகள் இவ்வாண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தாள். இனி எந்த ஊரில் தொழில் செய்வது என்பதே வீட்டில் நடக்கும் பேச்சு. கோவையா, பெங்களூரா, சென்னையா, அல்லது இதே நாமக்கல்லா? இது வீட்டுக் கதையாயிற்றே, இலக்கிய மேடைக்கு ஏன் என்று சிலர் நினைக்கலாம். நம் வட்டத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கையொப்பமிட்ட இளைஞர்களுள் இன்று இவ்வரங்கில் இருப்பவர் எத்தனை பேர்? பொறியியல் படித்தவர்கள் பெங்களூருக்குப் போனார்கள். மருத்துவம் படித்தவர்கள் மேற்படிப்பு என்று போனார்கள், திரும்பவில்லை. அவர்களுள் இருவர் நல்ல கவிஞர்கள். வட்டம் இளைத்துப்போனதற்குக் கவிதை காரணமன்று. படிப்பு முடிந்தவுடன் எழும் இந்தக் கேள்விதான் காரணம். ஆகையால் இது நம் எல்லோர்க்கும் உரிய பொருளே.

இந்தக் கேள்வி இந்தச் சமவெளிக்குப் புதியதன்று. 1900-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் சென்னைச் சட்டக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இதே கேள்வியின் முன் நின்றார். அவர் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர். பெங்களூரு மத்தியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். சென்னையில் உயர் நீதிமன்றம் இருந்தது. புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் இருந்தனர். படித்த கல்லூரியோ உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. படிப்பு முடிந்ததும் வாசலைக் கடந்து எதிரில் நுழைந்தால் போதும் என்ற நிலை. அவரோ ரயிலேறிச் சேலம் வந்தார். அவரே பின்னாளில் மூதறிஞர் ராஜாஜி என்று நாடறிந்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார்.

ஏன் சேலம்? தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் அன்று. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் அதற்குள் அடக்கம். தருமபுரி பிரிந்தது 1965-இல். தொரப்பள்ளியில் நிலத்தகராறு எழுந்தாலும் பெரிய வழக்கானால் சேலத்துக்குத்தான் வரவேண்டும். ஆகவே சேலத்தில் பலகை மாட்டிய ஓர் இளம் வக்கீலுக்கு, ஊரும் உறவும் அறிந்த கட்சிக்காரர்கள் முதல் நாளிலேயே உண்டு. மேலும் மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சியை நேருக்கு நேர் விசாரிக்கும் வாய்ப்பு இளமையிலேயே கிடைக்கும். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக் கட்டுகளே மிகுதி. அங்கே சாட்சியின் முகத்தைக் காகிதத்தில்தான் பார்க்க முடியும். சென்னையில் பத்தாண்டுகள் ஒரு மூத்த வழக்கறிஞரின் பின்னால் கட்டுச் சுமப்பவன், சேலத்தில் இரண்டாம் ஆண்டே தன் காலில் நிற்கலாம். இக்கணக்கு இன்றும் பெரும்பாலும் பொருந்தும். ராஜாஜி சில ஆண்டுகளில் குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார். 1917-இல் நகரசபைத் தலைவருமானார்.

அவருக்கு முன்னரே சேலத்தில் ஒரு பெரியவர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சி. விஜயராகவாச்சாரியார் செங்கற்பட்டுப் பகுதியில் பொன்விளைந்த களத்தூரில் 1852-இல் பிறந்தவர். ஆசிரியராகச் சேலம் வந்தார். அவர் ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை அவருக்காகத் தேர்ந்தெடுத்தது. பின் ஆசிரியப் பணியை விட்டு வக்கீலானார். தொழில் தொடங்கிய மறு ஆண்டே, 1882-இல், சேலம் கலவர வழக்கில் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையானார். வேறொருவராயிருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போயிருப்பார். அவரோ சேலத்திலேயே இருந்தார். 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அப்போதும் சேலத்துக்காரராகவே போய்ச் சேலத்துக்கே திரும்பினார். வேலைக்காக வந்த ஊர் சொந்த ஊராவதும் உண்டு. இவ்வரங்கில் அமர்ந்துள்ள வங்கி அன்பர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

ராஜாஜியின் சேலம் வாழ்க்கையில் நம்மைப் போன்றோர் அதிகம் பேசாத ஒன்று உண்டு. வழக்கறிஞர் தொழில் உச்சத்தில் இருந்த காலத்தில், 1916-இல், நண்பர்களோடு சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்குவதற்கென்றே சேலத்தில் ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு ஓர் இதழும் வந்தது. வேதியியலையும் உடலியலையும் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்வியை, பல்கலைக்கழகம் இருந்த சென்னையை விட்டு, ஒரு மாவட்டத் தலைநகரின் வக்கீல் வீட்டில் உட்கார்ந்து சிலர் ஆராய்ந்தனர். இதை நான் முதன்முதலில் படித்தபோது பெருமிதம் கொண்டேன். அப்பெருமிதத்தைத் தவறாகவும் பயன்படுத்திக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொருவரையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். சேலமும் திருச்செங்கோடும் தறிச்சத்தம் ஓயாத ஊர்கள். படித்த படிப்புக்கு இங்கே வேலை உண்டு என்று எவரும் சொல்லியிருப்பார்கள். அவரோ படிப்பை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டார். தமிழ்ப் பேசும்படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நடிகர்களை ரயிலேற்றிய காலத்தில், 1935-இல், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்சைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் 1938-இல் வெளிவந்தது இந்நிறுவனத்திலிருந்துதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் நாற்பது திருடர்களும் 1956-இல் வந்ததும் இங்கிருந்துதான். இலக்கிய வட்டத்தார்க்கு இதில் வேறொரு செய்தி உண்டு. பாரதிதாசன் வளையாபதிக்கு எழுதியதும், கலைஞர் கருணாநிதி மந்திரி குமாரிக்கு எழுதியதும் சேலத்து நிறுவனத்துக்காக. கண்ணதாசனும் இங்கே பணியாற்றியவரே. எழுதுகிறவன் பட்டணம் போகவேண்டும் என்பது விதியாக இருந்த காலத்தில், எழுதுகிறவர்கள் பெட்டியோடு சேலம் சந்திப்பில் இறங்கினார்கள். இன்று அங்கே வீடுகள் வந்துவிட்டன. சாலையோரத்தில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காடு போகும் பேருந்தின் இடப்புறமா வலப்புறமா என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம்.

இவ்வளவும் சொன்னபின், இவர்களெல்லாம் தங்கியதால் நாமும் தங்கவேண்டும் என்று வாதிட்டுவிடலாம். முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் அப்படித்தான் வாதிட்டு வந்தேன். என் மகளிடமும் சென்ற மாதம் அதே வாதத்தை எடுத்து வைத்தேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அதெல்லாஞ் செரிங்கப்பா, ராஜாஜி எதுக்கு வந்தாருன்னு சொல்லீட்டீங்க. நீங்க எதுக்குங்க மெட்ராசுல இருக்காம வந்துட்டீங்க?" என்றாள்.

எதிர்க்கட்சி வக்கீல் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டால் நான் ஆட்சேபம் தெரிவித்திருப்பேன்.

அன்பர்களே, இந்த மேடையிலும் வேறு மேடைகளிலும் நான் பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. 1988-இல் சட்டம் முடித்தேன், சென்னை வசதியாயிருந்தும் மண்ணின் மீது கொண்ட பற்றினால், ராஜாஜியின் வழியில் சேலம் வந்தேன் என்பது அந்தக் கதை. அதில் ஆண்டு மட்டுமே உண்மை.

நடந்தது இது. படிப்பு முடிந்து திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் மூவரோடு தங்கி, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அவர் நல்ல மனிதர். எட்டு மாதம் கட்டுச் சுமந்தேன். ஒருநாள் அவர் வேறொரு மன்றத்தில் இருக்க நேர்ந்ததால், நம் வழக்கு வந்தால் வாய்தா மட்டும் கேள் என்று என்னை நிறுத்திவிட்டுப் போனார். வழக்கு அழைக்கப்பட்டது. எழுந்தேன். மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன். நீதிபதி கடுமையின்றி, வழக்கைப் பற்றி ஒரு சிறு விவரம் கேட்டார். கேள்வி புரிந்தது. விடையும் தெரியும். அந்தக் கட்டை வரிவரியாகப் படித்தவன் நான்தான். ஆனால் விடை தமிழில் இருந்தது. அதை ஆங்கிலமாக்க முயன்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மன்றத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. முடிவில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, எனக்காக அந்த விடையைச் சொன்னார். ஏளனமில்லாமல், ஒரு தமையன் போலச் சொன்னார். அந்தக் கருணையை என்னால் தாங்க முடியவில்லை. ஒருவாரம் கழித்து, வீட்டில் உடல்நிலை சரியில்லை என்று பொய் சொல்லி, டிரங்குப் பெட்டியோடு சேலம் பேருந்தில் ஏறினேன்.

சேலத்தில் எனக்குக் கிடைத்த முதல் வழக்குகளுள் ஒன்று கிணற்றுப் பங்கு பற்றியது. ராசிபுரம் பக்கத்து ஊர். நான்கு பங்காளிகள், ஒரு கிணறு. யாருக்கு எந்த நாள் இறைவை முறை என்பதில் சண்டை. சாட்சிக் கூண்டில் ஒரு பெரியவர் ஏறினார். அவர் வாயிலிருந்து வந்த சொற்களை எழுதிக்கொள்ள எதிர்த்தரப்பார் திணறினார்கள். முறை என்பது அவருக்கு நாள் அன்று, நிழல் கிணற்றுமேட்டின் எந்தக் கல்லைத் தொடுகிறது என்பது. நான் அப்படிப்பட்ட கிணற்றுமேட்டிலேயே வளர்ந்தவன். அவரிடம் பத்து நிமிடம் பேசினேன். கேள்வி கேட்டேன் என்று சொல்வது பொருந்தாது, பேசினேன் என்பதே சரி. வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்தது. அன்று மாலை நீதிமன்ற வாசலில் தேநீர் குடிக்கும்போதுதான் என் நாக்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது.

நம் மாநிலத்துக் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வாதிடலாம். உயர் நீதிமன்றத்தின் மொழி அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் கூற்றின்படி ஆங்கிலமே. ஆக, படிப்பு முடிந்தபின் ஊரைத் தேர்ந்தெடுப்பது என்பது எனக்கு மொழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. வீரத்தோடு தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயந்து வந்தேன் என்பதுதான் உண்மை. ராஜாஜிக்குச் சென்னையிலும் நாக்கு இருந்தது, சேலத்திலும் இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தார். நான் திரும்பி வந்தேன். இரண்டையும் ஒரே கதையாக்கி நான் மேடைகளில் பெருமை தேடியது பிழை.

இதை என் மகளிடம் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் பயத்தைச் சொன்னாள்.

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு விளக்கம். வழக்கறிஞனுக்குச் சென்னை எப்படியோ, கால்நடை மருத்துவத்தில் கோழிப் பிரிவுக்கு நாமக்கல் அப்படி. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. எண்பதாண்டுகளுக்குப் பின் 1985-இல் மாநிலத்தின் இரண்டாவது கல்லூரி நாமக்கல்லுக்கு வந்தது. முட்டைக்கோழிப் பண்ணைகள் சூழ்ந்த ஊர் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் படித்தவர்கள் வேலை தேடி இங்கே வருகிறார்கள். எல்லோரும் வந்துசேர விரும்பும் ஊரில் பிறந்த பெண், அதைவிட்டுப் போக நினைக்கிறாள். உறவினர்களுக்கு இது விளங்கவில்லை. முதலில் எனக்கும் விளங்கவில்லை.

பண்ணை மருத்துவரின் ஒருநாள் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவளோடு ஒரு பண்ணைக்குப் போனேன். நீண்ட கொட்டகை. வரிசை வரிசையாகக் கூண்டுகள். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் பேசுகின்றன. அங்கே மருத்துவர் நோயுற்ற கோழிக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. அன்று காலை செத்த கோழிகளை எடுத்துவரச் சொல்லி, வெளியே ஒரு மேசையில் வைத்து அறுக்கிறார். குடலையும் ஈரலையும் மூச்சுக்குழலையும் பார்க்கிறார். செத்தது எதனால் என்று தெரிந்தால்தான் மீதியைக் காக்க முடியும். வெள்ளைக் கழிச்சல் ஒரு கொட்டகையில் நுழைந்தால் ஒரு பண்ணையாளரின் குடும்பமே சாய்ந்துவிடும். ஆகவே அது சிறிய பணி அன்று. என் மகள் அறுத்துப் பார்த்து, பண்ணைக்காரரிடம் அவர் மொழியிலேயே நோயை விளக்கினாள். என் கிணற்று வழக்கு நினைவுக்கு வந்தது. இவள் இங்கே நன்றாக வருவாள் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: "அங்க ஒரு கோழிக்கும் பேரு இல்லீங்கப்பா. எனக்குப் பேரு இருக்கற உசுரப் பாக்கோணும். அது பொழைச்சுதா இல்லியான்னு எனக்குத் தெரியோணும்."

கவிஞர்கள் கூடிய அவையில் இவ்வாக்கியத்துக்கு உரை வேண்டா. நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். வளையப்பட்டியைத் தாண்டும்வரை மறுமொழி சொல்லவில்லை.

நாயும் பூனையும் பார்க்க வேண்டுமானால் நாமக்கல்லிலேயே ஒரு சிறு மருத்துவமனை வைக்கலாமே என்று என் மனைவி சொன்னாள். அவளுடைய அளவுகோல் எளியது. எந்த ஊரானாலும் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடியதாக இருக்கவேண்டும். அக்கணக்கில் சேலம், ஈரோடு, கரூர், திருச்சி அடங்கும். கோவை விளிம்பில் தவிக்கும். பெங்களூரும் சென்னையும் உலகப்படத்திலேயே இல்லை. என் தமையனார், மாப்பிள்ளை எந்த ஊரோ அந்த ஊர் என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டார். படித்த பெண்ணுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் உரிமை படிப்பு முடிந்து திருமணம் நடக்கும் இடைவெளியில் மட்டும் உண்டு என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஆண்பிள்ளைக்கு இக்கேள்வி வந்தால் சம்பளமும் வாடகையும் பேசுகிறோம். பெண்ணுக்கு வந்தால் பஞ்சாங்கம் பேசுகிறோம். என் தமையனார் இம்மலரைப் படிப்பார் என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

மகள் ஒரு குறிப்பேட்டில் கணக்கெழுதி வைத்திருந்தாள். அதைக் கண்டபோது எங்கள் தலைமுறை எவ்வளவு கண்மூடித்தனமாக ஊர் மாறியது என்று புரிந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம். அறை வாடகை, தொடக்கச் சம்பளம், எக்ஸ்ரே கருவி உள்ள மருத்துவமனை உண்டா, அறுவைச் சிகிச்சையைக் கற்றுத்தரும் மூத்தவர் உண்டா, இரவில் அழைப்பு வந்தால் ஒரு பெண் தனியே போய்வர முடியுமா என்றெல்லாம் இருந்தது. பெங்களூரின் பக்கத்தில், நாயைக் கொண்டுவருபவர் பேசும் மொழி என்று எழுதி அடியில் கோடிட்டிருந்தாள். நாய்க்கு என்ன நோவு என்பதை நாய் சொல்லாது, கொண்டுவந்தவர்தான் சொல்லவேண்டும். அவர் சொல்வது புரியாவிட்டால் பாதி வைத்தியம் போயிற்று. என் கதையைக் கேட்பதற்கு முன்னரே அவள் அந்தக் கோட்டைப் போட்டிருந்தாள் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

நாமக்கல்லின் பக்கத்தில் நன்மைகள் நிறைய இருந்தன. அடியில் ஒரு வரி: இங்கே இருந்தால் எனக்குத் தெரியாதது எனக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்த வரி என்னைத் தைத்தது. மேன்ஷன் அறையை விட்டு ஓடிவந்த எனக்கும் அது பொருந்தும். இன்னும் ஓராண்டு சென்னையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் அந்த ஆங்கிலமும் வந்திருக்கும். வந்தபின் சேலத்துக்குத் திரும்பியிருந்தால், அதுவன்றோ தேர்வு? என் கட்சிக்காரர்களின் மேல்முறையீடுகளை இந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் பிறர் கையில் ஒப்படைத்தே வந்திருக்கிறேன். கீழே தமிழில் வென்ற வழக்கை மேலே ஆங்கிலத்தில் வேறொருவர் தோற்றபோது, வழியனுப்பியவன் என்ற முறையில் எனக்கும் அதில் பங்குண்டு.

இங்கே மீண்டும் ராஜாஜியிடம் வருகிறேன், இம்முறை எனக்குச் சாதகமாக அன்று. சேலத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லிவிட்டு, நான் எப்போதும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. 1919-இல் அவர் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். கஸ்தூரிரங்க ஐயங்கார் போன்ற நண்பர்கள் வற்புறுத்தி அழைத்தனர். போன சில நாள்களில் காந்தியடிகள் அவ்வீட்டில் தங்கினார். தாம் கஸ்தூரிரங்க ஐயங்காரின் விருந்தாளி என்றே முதலில் எண்ணியிருந்ததாகவும், மகாதேவ தேசாய் சொன்னபின்பே வீட்டுக்காரர் யார் என்று அறிந்ததாகவும் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் எழுதுகிறார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுதும் கடையடைப்பு நடத்தும் எண்ணம் அவருக்கு உதித்தது அந்த வீட்டில்தான். ராஜாஜி சென்னைக்குப் போனது வக்கீல் தொழில் வளர்வதற்காக. அடுத்து வந்த ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலையே விட்டார். 1925-இல் மீண்டும் நம் சமவெளிக்கே வந்தார். இம்முறை சேலம் நகரத்துக்குக்கூட அன்று, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்துக்கு. அங்கே காந்தி ஆசிரமம் அமைந்தது. அங்கிருந்தே 1929-இல் மதுவிலக்குக்காக விமோசனம் இதழ் வந்தது. கல்கி அவர்கள் அந்தச் சிற்றூரில் தங்கி அதில் பணியாற்றினார். 1937-இல் முதலமைச்சரானபின் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த மாவட்டமும் சேலமே.

ஒரே மனிதர், ஒரே சமவெளி. இளமையில் ஒரு காரணத்துக்காக வந்து, நாற்பது வயதில் வேறொரு காரணத்துக்காகப் போய், பிறகு முற்றிலும் மாறான காரணத்துக்காகத் திரும்பினார். இதில் முதல் வருகையை மட்டும் கத்தரித்து எடுத்து என் மகள் முன் சான்றாவணமாக வைத்தேன். முழு ஆவணத்தையும் தாக்கல் செய்யாத வக்கீலை நீதிமன்றம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

நம் நாமக்கல் கவிஞரையே எடுத்துக்கொள்வோம். மோகனூரில் பிறந்தார். தூரிகையை நம்பி ஊர் ஊராகப் போனார். கடைசிக் காலத்தில் சென்னையில் வாழ்ந்தார். ஆயினும் அவர் இருந்த ஊர் எது என்று கேட்டால் தமிழ்நாடு முழுவதும் ஒரே விடை சொல்லும். தலைமைச் செயலகத்தின் பத்துமாடிக் கட்டடம் இந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்பது, ஒருவர் இங்கிருந்து புறப்பட்டதால்தானே? ஊரை நீங்கியவர்களை நம் வட்டத்துக் கவிதைகள் கடுமையாகவே நடத்துகின்றன. பத்தாண்டுகளில் இங்கே வாசிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, ஊரை விட்டுப் போனவன் ஊரை எண்ணி உருகுவது. எழுதியவர்களோ மோகனூர் சாலையைத் தாண்டாதவர்கள். நானும் அப்படி இரண்டு எழுதியிருக்கிறேன். போனவர்கள் உருகுகிறார்களா என்று அவர்களையே கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும். அடுத்த மலருக்காவது பெங்களூரிலிருக்கும் அவ்விருவரிடமும் கவிதை கேட்டு வாங்க வேண்டும் என்பது செயலாளர்க்கு என் வேண்டுகோள். முகவரி என்னிடம் இருக்கிறது.

என் மகள் சென்னையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையில் இரண்டு ஆண்டு. சம்பளம் குறைவு, நாமக்கல் பண்ணை ஒன்றில் தருவதாகச் சொன்னதைவிடக் குறைவு. அதன்பின் என்ன என்று கேட்டேன். "அப்பப் பாத்துக்கலாங்கப்பா" என்றாள். சேலம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவள் அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. நான் 1989-இல் திருவல்லிக்கேணியிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி பரணில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். சக்கரம் வைத்த பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். பூட்டு மட்டும் மாற்ற வேண்டும்.

அந்நாளில் ரயிலேற வேண்டுமானால் சேலம் சந்திப்புக்குப் போகவேண்டும். 2013-இல் சேலம்–கரூர் பாதை திறந்தபின் நாமக்கல்லுக்கே வண்டி வருகிறது. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு இரவு அவளுக்கு வண்டி. அன்றுதான் நம் கூட்டமும். கவிதை வாசிப்பின் நடுவே நான் எழுந்து போனால், வாசிப்பவர் யாராயினும், தவறாகக் கருத வேண்டா. கொல்லிமலையும் ஓரியும் அதற்கடுத்த மாதம்.